முந்நூற்று இருபது கிராம்

தல்லாகுளம் தபால் நிலையத்தில்
பார்சலைக் காதருகே குலுக்கிப் பார்த்த எழுத்தர்
உள்ளே என்ன என்றார்.
சிப்பாய்கள் என்றேன்.
அவர் எழுதிக்கொண்டது:
ஈயச் சாமான், முந்நூற்று இருபது கிராம்.

பகலில் நான் பல் செய்கிறவள்.
மாவு அச்சில் மெழுகு ஊற்றி
முகம் பார்த்திராதவர்களுக்குக் கடைவாய்ப்பல்.
இரவில் அதே விளக்கு, அதே பூதக்கண்ணாடி,
அதே மூன்று சைபர் தூரிகை.
முனை ஒடிந்த துப்பாக்கிக்குப்
பல் ஒட்டுகிற பசை.
ஒருநாள் காலை
ஓய்வுபெற்ற தாசில்தாரின் செட்டுப்பல்லில்
சட்டைச் சிவப்பு ஒரு புள்ளி.
கழுவிக் கொடுத்தேன். சொல்லவில்லை.

ஆளொருவன் என் கட்டைவிரல் நகத்துக்குச் சற்று மேல்.
முகம் பாதி மிளகு.
'தோல் நிறம்' என்றிருந்த குப்பியைப் பூசினால்
அத்தனை பேரும் வெயில் பட்ட துரைமார்.
வழித்தெறிந்துவிட்டுக்
காவியும் கருப்பும் துளி மஞ்சளும் கலந்தேன்.
எவன் எந்த ஊரோ,
கலவை ஒருதரம் போல் மறுதரம் வரவில்லை.
வரவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆயிரத்து எழுநூற்று அறுபத்து நான்கு,
மதுரைக் கோட்டை முற்றுகை.
உள்ளே நிற்பவனும் சிப்பாய்
வெளியே நிற்பவனும் சிப்பாய்
அச்சு ஒன்றுதான்.
உள்ளிருந்தவர்கள் என்ன உடுத்தினார்கள்
என்று எனக்கு நிச்சயமில்லை,
சிவப்புத்தான் என்று சாதிக்கிறார் துளசிராம்.
ஆகவே காலடித் தகட்டின் அடியில்
பேனாவால் உ, வெ.
சண்டை நடுவில் ஒருவனைத்
தலைகீழாய்க் கவிழ்த்துப் பார்த்தால்தான்
யார் பக்கம் என்று தெரியும்.

மகால் வடம்போக்கித் தெரு,
துளசிராம் வீட்டு மாடியறை.
ஃபிரிட்ஜ் வந்த தெர்மகோலில் கொத்தளங்கள்,
அகழிக்கு நீல வளையல் பெட்டித் தாள்.
அங்குலக் கணக்குக்குத் தையல் டேப்.
நடுவர் பீர்முகம்மது, ரயில்வே சிக்னல் பிரிவு,
விதிப்புத்தகத்தில் கமாவையும் விடாமல் வாசிப்பவர்.
கோட்டைக்குள் நான்.
தானியத்துக்கு அடையாளம்
வறுத்த பட்டாணி, பதினெட்டு எண்ணி
ஒரு கிண்ணத்தில்.

மூன்றாம் சுற்றில் தாயம் விழுந்தது.
தாயம் என்றால் மழை.
வெளியே பங்குனி, நூற்று நான்கு டிகிரி.
துளசிராம் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி
சேற்றில் மாட்டிய பீரங்கி இரண்டையும்
தெப்பக்குளத்து முகாமுக்கு இழுத்துப் போனார்,
அரை அங்குலம் அரை அங்குலமாக.
"ஒங்க மருந்தும் நனையும்க்கா"
என்றார் நடுவர், ஆறுதலாகவோ என்னவோ.

மதியச் சாப்பாடு தாமதமானது.

ஆறாம் சுற்றில் எண்ணினால் பட்டாணி பதினொன்று.
சுற்றுக்கு ஒன்று போனாலும் பன்னிரண்டு இருக்கணும்.
மூவரும் மேசைக்கடியில் தேடினோம்.
எலி என்று தீர்ப்பானது,
முற்றுகையில் எலி வரும்தானே.
பன்னிரண்டுக்குக் குறைந்தால்
உள்ளிருந்தே ஒருவன்
திட்டிவாசலைத் திறப்பான்:
விதி பதினொன்று, பீர்முகம்மது வாசித்தார்.
பகடை உருட்ட வேண்டியவள் நான்.
உருட்டினேன்.
திறந்துவிட்டான்.

வெற்றியில் துளசிராம் சத்தம் போடவில்லை.
கொத்தளத்தைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார்.

பெரியார் நிலையம் பக்கம்
அசல் கோட்டையின் மிச்சத் துண்டு நிற்கிறது.
அதையொட்டி ஷேர் ஆட்டோ, ஆரப்பாளையம் ஆரப்பாளையம்
என்று கத்திக்கொண்டிருந்தது.
ஏறி உட்கார்ந்ததும் சில்லறை கேட்டான்.
பைக்குள் கைவிட்டேன்.
கழுத்தொடிந்த சிப்பாய் ஒருவன் வந்தான்,
பசை போடக் கொண்டுவந்தவன்.
கவிழ்த்துப் பார்த்தேன்,
வேர்வையில் எழுத்து அழிந்திருந்தது.
மறுபடி விட்டேன்.
விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது
பட்டாணித் தோல்.