சாவி

நெப்ராஸ்கா. ஜூலை.
பக்கத்துக் காட்டில் சக்கரப் பாசனம்
ராப்பகலாய் ஊர்கிறது.
ஆர்லீன் ஹவ்லிச்செக் இன்னும் மோட்டாரைத் தொடவில்லை.

மத்தியான வெயிலில் மக்காச்சோள இலைகள்
வெங்காயத்தாளாய்ச் சுருண்டதும்
வெஸ்லி சாவியை எடுத்துவிட்டான்.
“வை அதை. சாயங்காலம் விரியும்.”
விரிந்தது.

மறுநாள் இரும்புக் குழாயை இறக்கி
மூன்றடி ஆழத்து மண்ணை
உள்ளங்கையில் பிசைந்தாள்.
விரலிடுக்கில் நாடாவாய் நீண்டு
அறுந்தது ஈரம்.
அறுந்த இடத்தில்
நரைமயிர் போல ஒரு வேர்.

“மேலேயே கிடைத்திருந்தால்
இது ஏன் இங்கே வருகிறது?”
வெஸ்லி பதில் சொல்லவில்லை.
பேங்க் கடிதம் மேஜைமேல் கிடந்தது.

ஆறாம் நாள், விடியுமுன்,
டார்ச்சோடு போனாள்.
ராத்திரி முழுக்க ஆறியும்
ஓர் இலைகூட விரிந்திருக்கவில்லை.

நைட்டியும் ரப்பர் பூட்ஸுமாய்
ஓடுகிறாள்,
வெஸ்லி, வெஸ்லி,
சாவி எங்கே?