கீழ்ப்படி

காலை ஐந்தே முக்கால். கிரிம்ஸ்பி துறைமுகம்.
மீன் வெட்டும் கொட்டகையின் தாழ்ப்பாள்
பனியில் இறுகிக் கிடக்கிறது.
சுத்தியலால் தட்டிக்கொண்டே
"எ பிட் நிப்பி" என்கிறார் கிளைவ் ட்ரூரி.

எ பிட் என்றால் கொஞ்சம்.
என் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது.
கொஞ்சக் குளிருக்கு யார் சுத்தியல் எடுப்பார்கள்?

நான் அவுட்ரோனே. கிளைபெடாவிலிருந்து வந்தவள்.
எங்கள் மொழியில் 'மிகவும்' என்பதற்கு லபாய்.
போதாவிட்டால் லபாய் லபாய்.
அதுவும் போதாவிட்டால் இரண்டு கையையும் விரிப்போம்.

மாலை வகுப்பில் ஓர் ஏணி வரைந்து தந்தார்கள்.
அடியில் எ பிட், நடுவில் கொய்ட்,
அதற்கு மேல் வெரி, உச்சியில் எக்ஸ்ட்ரீம்லி.
அதைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்தேன்.
இங்கே யாரும் ஏறுவதில்லை.
கீழ்ப்படியில் நின்றபடியே
முழு ஆயுளையும் பேசி முடித்துவிடுகிறார்கள்.

வீட்டுக்குள் கடல் புகுந்தபோது, கிளைவுக்கு அது கொஞ்சம் ஈரம்.
மனைவி போய்விட்டபோது, கொஞ்சம் சத்தம் குறைவு.
மகள் டாக்டருக்குத் தேறியபோது, நாட் பேட்.
அன்று மட்டும் டோநட் வந்தது,
மூன்று பெட்டி,
பதினோரு பேருக்கு.

கிறிஸ்துமஸுக்கு நான் கம்பு ரொட்டி சுட்டுக் கொண்டுபோனேன்.
"கொய்ட் நைஸ்" என்றார்.
இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.
பாக்கிங் பிரிவு டோரீன்தான் சொன்னாள்:
மீன் கொய்ட் டெட் என்றால் முழுக்கச் செத்தது.
ரொட்டி கொய்ட் நைஸ் என்றால்
குரல் ஏறியதா இறங்கியதா என்று பார்க்க வேண்டும்.
ஏறியதா?
தெரியாது. அவர் வாய் நிறைய ரொட்டி இருந்தது.

பிப்ரவரி, ஒரு வியாழன்.
ஹாடக் மீன் போய்க்கொண்டிருந்த பெல்ட் நின்றது.
கிளைவ் இடது கையை ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டு
"எ பிட் ஆஃப் எ நிக்" என்றார்.
வெள்ளை ஏப்ரன்
நான் பார்க்கப் பார்க்க வேறு நிறமானது.

போனில் ஒரு பெண் கேட்டாள், ரத்தம் எவ்வளவு?
எனக்கு அந்த நேரத்தில் இலக்கணம் வருகிறது!
ரத்தத்தை எண்ண முடியாது, அதற்கு மச்.
விரலை எண்ணலாம், அதற்கு மெனி.
எ லாட்டா, லாட்ஸா, எ குட் டீலா?
டீலில் என்ன குட் இருக்கிறது?
தரையில் ஐஸ் சிவந்துகொண்டிருந்தது.
கத்தினேன்:
வெரி. வெரி. வெரி.
பின்னால் எந்தச் சொல்லும் இல்லாமல்,
தாங்க ஆளில்லாத மூன்று வெரி.
"வருகிறோம்" என்றாள் அவள்.

ஐந்து வாரம் கழித்து வந்தார்.
கட்டுப் பிரித்த கையை
விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்,
"ஸ்டில் காட் எ ஃப்யூ."

வெறும் ஃப்யூ என்றிருந்தால் நான் அழுதிருப்பேன்.
அது போனதை எண்ணுகிற சொல்.
முன்னால் ஓர் எ வந்து நின்றதும்
இருப்பதை எண்ணத் தொடங்குகிறது.
கட்டைவிரல், ஆள்காட்டி, சுண்டு.
ஒரே ஓர் எழுத்து,
அதுவும் உயிரெழுத்து.

பிறகு என் பக்கம் திரும்பி, எப்படி இருக்கிறாய் என்றார்.

ஐந்து வாரமாக நான் தூங்கவில்லை.
கண்ணை மூடினால் அந்த ஏப்ரன்.
லபாய் லபாய் என்று சொல்ல வாயெடுத்தேன்.
வந்தது வேறு:
"எ பிட் டயர்ட்."

அவர் பதில் சொல்லவில்லை.
சற்று நேரம் பார்த்தார்.
தன் நாற்காலியை
அந்த மூன்று விரலால் இழுத்து வந்து
ஹீட்டருக்குப் பக்கத்தில் போட்டார்.
கெட்டிலை ஆன் செய்துவிட்டு
என் வரிசை மீனை
அவரே வெட்டத் தொடங்கினார்,
கொஞ்சம் மெதுவாக.