விருப்பு இலக்கம் பதினேழு

எமல்டா மிஸ் விலகிய திங்கட்கிழமை
மணியடிக்க மறந்துபோனான் கிருபா.
ஏழரை கடந்து ஏழு நிமிடம்
மைதானத்தில் வரிசைகள் நின்றபடி நின்றன.
பிறகு ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று
தானே போய் அடித்தது.

ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம்.
"பென்சனும் போச்சு, இனிப் பேரும் போகும்"
என்றார் கணக்கு ரூபசிங்கம்.
யாரும் மறுக்கவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

பதில் அதிபரான எனக்கு அவர் மேசையில் மிஞ்சியவை:
சாவிக்கொத்து,
பாதி தீர்ந்த சிவப்பு மைப்பேனை,
ஒரு நீலக் கோப்பு.

அந்தக் கோப்பைத் தெரியாதவர் கொட்டாஞ்சேனையில் இல்லை.
பதினெட்டு ஜனவரிகள் அதற்குள்.
அமைச்சரின் கடிதம், அமைச்சரின் மச்சானின் கடிதம்,
சிகரெட் பெட்டியின் உள் அட்டையில்
உறுப்பினர் ஒருவர் கிறுக்கியனுப்பிய
"நம்மட ஆள், கவனிக்கவும்."
ஒவ்வொன்றின் ஓரத்திலும் மிஸ்ஸின் சிவப்புக் கையெழுத்து:
"பார்த்தேன். வதிவிட அத்தாட்சி இல்லை."
சிலவற்றில் எழுத்துப்பிழைகளையும் திருத்தியிருந்தார்.

மழைக்கு முன்னே சுவரொட்டிகள் வந்தன.
ஜம்பட்டா வீதி மதில் நீளத்துக்கு அவர் முகம்,
கண்ணாடி கழற்றி, கன்னத்தை வெளுக்க வைத்து,
கீழே தலையளவில் பதினேழு.
ஆயிரம் பிள்ளைகளுக்குச் சுட்டெண் எழுதிக் கொடுத்தவருக்கு
இப்போது சொந்தமாக ஒன்று.
பத்தாம் வகுப்புக் குழப்படிகாரர் மீசை வரைந்தார்கள்.
நான் குடையைச் சரித்துக்கொண்டு நடந்தேன்.

ஆட்டுப்பட்டித் தெருக் கூட்டத்துக்கு ஒருதரம் போனேன்,
கடைசியில், பழக்கடையின் நிழலில்.
மைக் கிறீச்சிட்டது. அவர் பேசவில்லை.
காலைக் கூட்டத்தில் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார்.
சனம் அடங்கியது.
முச்சக்கர வண்டிக்காரர் இருவர்
தம்மையறியாமல் கைகளைப் பின்னால் கட்டினர்.
குழாய்நீர், மலசலகூடம், கால்வாய்க்குத் தடுப்பு
என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தி,
"இதில் எது முடியும் என்று எனக்கே இன்னும் தெரியாது" என்றார்.
கட்சிக்காரர் அவசரமாக மைக்கை வாங்கினார்.

வென்றார். பட்டியலில் கடைசி ஆளாக,
இருநூற்றுப் பதினொரு வாக்கால்.
ரூபசிங்கம் பட்டாசு வாங்கிவந்தது
எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு ஜனவரி.
வாசலில் பெற்றார் வரிசை,
பிளாஸ்டிக் உறைகளில் பிறப்புச் சான்றிதழ்கள்.
தபாலில் ஒரு நீண்ட உறை.
மாகாண சபை உறுப்பினர், எமல்டா சவரிமுத்து.

"பிள்ளை நிரோஜினி. முதலாம் தரம்.
புளூமெண்டால் தண்டவாள ஓரம், இலக்கமில்லாத வீடு.
தகப்பன் துறைமுகத்தில் நாட்கூலி.
மின்பட்டியல் கேட்காதீர்கள், அங்கே மின்சாரம்
பக்கத்து வீட்டுக் கம்பியில் வருகிறது.
இவளின் அக்காவை நான்தான் திருப்பி அனுப்பினேன்.
எனக்கு நினைவில்லை. தாய்க்கு நினைவிருக்கிறது.
கவனிக்கவும்."

இரண்டு தரம் வாசித்தேன்.
எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.
அந்தக் கடைசிச் சொல் மட்டும்
சிகரெட் பெட்டியில் இருந்த அதே சொல்.

நீலக் கோப்பைத் திறந்தேன்.
இந்தக் கோப்பைக் காட்டித்தானே மிஸ்,
புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு
நேர்மை என்றால் என்னவென்று நாங்கள் சொல்லுவோம்?
வரிசையில் பத்தொன்பதாவதாக நிற்கும் தாயிடம்
எந்தக் கோப்பைக் காட்ட?

சிவப்புப் பேனையை எடுத்து
"பார்த்தேன்" என்று எழுதத் தொடங்கி
'பா'வோடு நின்றேன்.
எதை?

"கிருபா, புளூமெண்டால் தண்டவாளப் பக்கம்
உனக்கு வழி தெரியுமா?"

பதினொரு வருடமாக என் மேசைக்குத் தேநீர் கொண்டுவருகிறவன்
ஒரு கணம் என்னையே பார்த்தான்.
"அங்கதானே சேர் எங்கட வீடு."