மட்டம்

பூரெய்மா,
இந்தப் பதிவை இரவில் கேள்.
கொக்கோ மரங்களுக்கு நடுவே, முதலாளி பக்கத்தில் நிற்கும்போது வேண்டாம்.
போனில் இரண்டு கோடு சார்ஜ் இருக்கிறது,
அதற்குள் முடித்துவிடுவேன்.

போன அறுவடையின்போது உன் அண்ணன் தாசெரே வந்தார்.
உன்னிடம் சொல்லாமல் இருந்தேன்.
மேற்குச் சரிவில் இருக்கும் நம் நிலம்
(நம் என்று சொல்லலாமா, தெரியவில்லை)
அதைக் கேட்டார். கேட்டார் என்பதும் தவறு.
வந்து நின்று, ஒரு சோளக் கதிரைக் கையில் வைத்து எடைபார்த்து,
"இது அப்பாவின் நிலம்" என்றார்.
அவ்வளவுதான்.

நீ புறப்பட்ட வருஷம் அவரேதான் சொன்னார்:
மட்டமான நிலம், பெண்ணுக்குப் போதும்.
மட்டமே இல்லாத நிலம் அது, பூரெய்மா.
விழுந்த மழை ஒரு வாய் குடிக்கத் தராமல்
ஓடைக்குப் போய்விடும்.
வெளுத்து, ஓடுபோல இறுகி,
வெட்டினால் பொறி பறக்கும்.

நானும் பிபாதாவும் போகோவும் முதலில் செய்ததைக் கேட்டால்
உனக்குச் சிரிப்பு வரும்.
உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்று,
அதில் தண்ணீர், இரு முனையிலும் இரண்டு கம்பு.
அவள் அங்கே, நான் இங்கே.
இருபக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிற இடத்தில்
குதிகாலால் ஒரு கோடு.
"இன்னும் கீழே வா." "ஏன், நீ மேலே போ."
காலை முழுக்கக் கத்தியதில் பிபாதாவும் நானும்
ஒரு வாரம் பேசவில்லை.
தண்ணீர் யாருக்கும் பரிந்து பேசவில்லை.

அப்புறம் கல்.
எத்தனை என்று நான் எண்ணவில்லை, கழுத்து எண்ணியிருக்கும்.
அப்போது ஐசேதா வயிற்றில் ஐந்து மாதம்.
கல்வரப்புகளுக்கு நடுவே குழி,
ஒரு சாண் ஆழம், இரண்டு கை அகலம்,
ஹர்மத்தான் காற்று பல்லிடுக்கில் மண் வைக்க வைக்க.
குழிக்கு ஒரு கை எரு.
எருவைத் தேடிக் கரையான் வரும்,
வந்து தரையைத் துளைக்கும், துளையில் மழை இறங்கும்.
இந்த ஊரில் கூலி கேட்காமல் இரவிலும் வேலை செய்வது
அதுவும் நாங்களும்தான்.

முதல் வருஷம் ஒரு கூடை.
ஐந்தாம் வருஷம் குதிரின் மூடி மூடவில்லை.

கரையான் புற்றெடுத்தால் குடிவருவது யார்?
உன் அண்ணன் வந்தார்.

நான் சண்டை போடவில்லை.
கதிரை அறுத்துக்கொண்டேன்.
குழாயைச் சுருட்டித் தோளில் போட்டேன்.
அவர் குழாயைப் பார்க்கவே இல்லை.

இந்த மழைக்கு முன்னால், கழுதைவண்டி போக வழி வேண்டுமென்று
அவர் மகன்கள் நடுவரப்பில் ஏழெட்டுக் கல்லை நகர்த்தினார்கள்.
தண்ணீருக்கு அது போதும்.
அங்கே இப்போது ஆள் படுக்கிற அளவு பள்ளம்.
கண்ணால் பார்த்தே திரும்ப அடுக்கினார்கள்.
அடுத்த மழை அதையும் கொண்டுபோனது.

நேற்று இளைய பையனை அனுப்பியிருந்தார்.
குழாய் வேண்டுமாம், இரண்டு நாளைக்கு.
பையனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.
குழாய் தனியாக வராது என்றேன்.
மூன்று பெண்களோடு வரும்,
ஊர்த்தலைவர் முன்னால் தாளில் பதினைந்து வருஷம் என்று எழுதி
என் பெயரைப் போட்டால்.
உன் பெயர் இல்லை, பூரெய்மா. என் பெயர்.
பிபாதா இருபது கேள் என்கிறாள்.

பதில் வரவில்லை.
கிழக்கே மறுபடி கறுக்கிறது.
என் குழிகளில் அவர் விதைத்த சோளம் முழங்கால் உயரம்.
பார்க்கப் பாவமாக இருக்கிறது, சோளம் என்ன செய்யும்.

நீ அவரிடம் பேசு என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன்.
வேண்டாம். பேசாதே.
பேசினால் அது உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள நிலமாகிவிடும்.

ஐசேதாவின் கால் வளர்ந்துவிட்டது.
செருப்பு வாங்கினால் இருபத்தேழு,
இல்லை, இரு,
இருபத்தெட்டாகவே