காலி வானம்

சாப்பாட்டு மேசையின் விளிம்பில்
இரண்டு கவ்விகளால் இறுக்கிய ஜாய்ஸ்டிக்.
ரிச்சி தெருவில் பில் இல்லாமல் வாங்கியது,
ஸ்பிரிங் இடப்பக்கம் தளர்ந்துவிட்டது.
ரசப் பாத்திரத்தை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு
இரவு பதினொன்றரைக்கு ஏறுகிறேன்
மூவாயிரம் மீட்டருக்கு.

ஹெட்போனில் ஜெரால்டு.
காசிமேட்டில் ஐஸ் கம்பெனிக் கணக்குப் பார்க்கிறவன்.
ஆளைப் பார்த்ததில்லை. குரலைத் தெரியும்,
குரலுக்குப் பின்னால் கரகரக்கும் மின்விசிறியைத் தெரியும்.
"அவன் இருக்கிற இடத்துல அடிக்காதக்கா,
வரப்போற இடத்துல அடி."
ஆறு மாதமாக இதையேதான் சொல்கிறான்.
ஆறு மாதமாக நான்
வால்களுக்குப் பின்னால் வானத்தில்
ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்கு பெரிதில்லை.
முந்நூறு மீட்டர் போக
குண்டுக்கு அரை நொடியும் ஆகாது.
அதற்குள் குறுக்கே பறக்கிறவன்
தன் நீளத்தில் ஆறு மடங்கு தாண்டிவிடுவான்.
குறிவளையத்தின் நடுப்புள்ளி பொய் சொல்வதில்லை,
பழைய செய்தி சொல்கிறது.

பகலில் வேறு உத்தியோகம்.
இன்சூரன்ஸுக்காக
மோதிய வண்டிகளை அளக்கிறேன்.
போன செவ்வாய், பெருங்குடி:
தண்ணி லாரி ஒன்று, ஸ்கூட்டி ஒன்று.
டேப்பை நானே பிடித்தேன்.
லாரியின் டயர் தேய்ந்த கோடு பதினொன்று மீட்டர் நாற்பது.
ஸ்கூட்டிக்குக் கோடே இல்லை.
கந்தன்சாவடியில் கிளம்பியிருக்கிறாள் அந்தப் பெண்,
லாரி மேடவாக்கத்தில் நிரப்பிக்கொண்டு.
டிரைவர் ஒரு டீக்கு நின்றிருந்தால்,
அவளுக்கு ஒரு சிக்னல் சிவப்பாகியிருந்தால்.
யாரும் குறி வைக்கவில்லை.
என்னால் முடியாத கோணம்
அங்கே தானாக வாய்த்திருந்தது.
அறிக்கையில் அதற்குக் கட்டமில்லை.
முன் மட்கார்டு, ஹேண்டில், வலது கண்ணாடி
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
பிழைத்துவிட்டாள். பெயர் தமயந்தி.
அவளுடைய எலுமிச்சை சாதம்
தார்ச்சாலையில் காய்ந்துகொண்டிருந்தது.

இன்றிரவு ஒருத்தன்
வலமிருந்து இடமாக, வயிறு தெரியத்
திரும்பிக்கொண்டு வருகிறான்.
இழுக்கிறேன்.
"இன்னும் இழுக்கா, இன்னும்."
ஸ்பிரிங் தளர்ந்த பக்கம்தான், கை இணங்கி வருகிறது.
இழுக்க இழுக்க
அவன் என் எஞ்சினின் மூக்குக்கு அடியில் போய்
மறைந்தே போனான்.

இதை மட்டும் ஜெரால்டு சொன்னதில்லை:
சரியாகக் குறி வைத்தால்
குறி தெரியாது.
எதிரே ஒரு மேகத்தின் ஓரம்,
திரையில் பிரதிபலிக்கும் என் வீட்டு ட்யூப்லைட்,
மற்றபடி காலி வானம்.
அங்கே அவன் வந்தாக வேண்டும் என்று
விரலை அழுத்த வேண்டும்.
ஒரு தரம் பார்த்துவிடலாமே என்று மூக்கை இறக்கினால்
பளிச்சென்று தெரிவான்,
குண்டு பின்னால் போகும்.
என் ஆறு மாதமும் அப்படிப் போனதுதான்.

அழுத்தினேன்.

கரண்ட் போயிற்று.

ஃபேன், ஃப்ரிட்ஜ், எதிர்வீட்டு சீரியல்,
ஆதம்பாக்கம் மொத்தமும்
ஒரே மூச்சில் அணைந்தது.
"எல்லாருக்கும் போச்சா?" என்றது மாடியில் ஒரு குரல்.
எல்லாருக்கும் போயிருந்தது.

ஃபோன் ஒளிர்ந்தது.
"அக்கா, என்ன ஆச்சு?
நீ இருந்த இடத்துல ஒண்ணுமே இல்ல."
"பட்டுதாடா?"
"நான் உன்னையே பாத்துட்டிருந்தேன்.
அவனைப் பாக்கல."

டார்ச் தேடவில்லை.
மேசைமேல் துழாவியதில்
கரண்டி விழுந்து உருண்டது எங்கோ.
பால்கனிக்கு வந்து நின்றேன், புழுக்கம்.
மீனம்பாக்கத்தில் இறங்க ஒன்று
தாழ்வாகப் போனது.
சத்தம் வந்த இடத்தில் பார்த்தேன்,
நட்சத்திரம்கூட இல்லை.
அதன் சிவப்பு விளக்கு
வெகு முன்னால்,
அடுத்த தெருத் தண்ணித் தொட்டிக்கு
அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.