செல்லாத சீட்டு

நான் பக்கத்து ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியன்.
இந்தப் பள்ளியின் நிர்வாகக் குழுத் தேர்தலுக்கு
அதிகாரி நான்.
என் பள்ளித் தேர்தலுக்கு
இந்தப் பள்ளியின் தலைமையாசிரியை வருவார்.
ஒருவர் வீட்டு அடுப்பை
மற்றவர் எட்டிப் பார்க்கும் ஏற்பாடு.

முதல் கூட்டம் செவ்வாய் மாலை.
பெற்றோர் பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்.
நூற்றுக்குப் பதினைந்து பேராவது வந்தால்தான்
கூட்டம் கூட்டமாகும்.
அறுபத்திரண்டு வேண்டும்.
ஐம்பத்தொன்பதை மூன்று முறை எண்ணினேன்.
கைக்குழந்தைக்கு வாக்கில்லையா என்றது ஒரு குரல்,
சிரித்தார்கள்.

திராட்சை அறுவடைக் காலம்.
ஆரஞ்சு நதிக்கு அக்கரையிலிருந்து
தோட்டத்து லாரி வரவில்லை.
ஏழரை வரை பார்த்தோம்.
கோரம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
மை காய்வதற்குள்
வாசலில் முகப்பு விளக்குகள்.
பதினெட்டுப் பேர் இறங்கினார்கள்,
விரல்களில் சாறு பிசுபிசுக்க.
எழுதியதை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றேன்.
இருந்திருக்கலாம்.
விதிப்புத்தகம் காரில் கிடந்தது.

இரண்டாம் கூட்டத்துக்கு எண்ணிக்கை தேவையில்லை.
வந்தவர் போதும்.
இருபத்துமூன்று பேர் வந்தார்கள்.
லாரி அன்று வரவே இல்லை;
அந்தப் பதினெட்டுப் பேரும்
போன வாரமே வந்துவிட்டுப் போனவர்கள்.

டயர் கடை ஸாரெல் காம்ஃபரை
அவர் மைத்துனர் முன்மொழிந்தார்,
மைத்துனரை ஸாரெல் முன்மொழிந்தார்.
அஞ்சலக எழுத்தர், பாதிரியாரின் மகள்,
இன்னும் இருவர்.
பிறகு பின்வரிசையிலிருந்து
'திரீகா லோஸ்பர்!'
அதுவரை கேட்காத கைதட்டல்.

திரீகாவுக்கு இங்கே இரண்டு பிள்ளைகள்,
நாலாம் வகுப்பில் ஒன்று, ஏழில் ஒன்று.
வகுப்பறைகளைப் பெருக்குவதும் அவர்தான்,
பள்ளி சம்பளம் தருகிறது.
இந்த முறை விதிப்புத்தகம் கையில் இருந்தது.
பள்ளியில் வேலை செய்யும் பெற்றோர்
வாக்களிக்கலாம்,
பெற்றோரின் பிரதிநிதியாக நிற்க முடியாது.
'அப்படியென்றால் நான் யார்?' என்றார்,
கோபமில்லாமல், படிவத்தில் எந்தக் கட்டம் என்று கேட்பதுபோல.
வாக்காளர் என்றேன்.
கரும்பலகையில் அவர் பெயரை அழித்தேன்.
மறுநாள் காலையில்
அந்தப் பலகையைக் கழுவப் போகிறவரும் அவரே.

ஆறு பேர், ஐந்து இடம்.
சீட்டுகளைப் பிரித்து மேசைமேல் அடுக்கினேன்.
பெருக்கல் குறி, பெருக்கல் குறி,
ஒரு சரி, ஒரு வட்டம்.
பதினேழாவது சீட்டில் குறியே இல்லை.
ஆப்பிரிக்கான்ஸில், அழுத்தமான கையெழுத்தில்:
'பையன்கள் கழிப்பறைக்குக் கதவு இல்லை.'

ஸாரெலின் ஆள் எட்டிப் பார்த்தார்.
செல்லாது என்றார்.
செல்லாது என்றேன்.
பேனாக்கள் எல்லாம் நான் கொடுத்தவை, எல்லாம் நீலம்.
எழுதியது யார் என்று தேடுவது என் வேலையல்ல.
தேடினேன்.
இருபத்துமூன்று முகங்களும்
கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மைத்துனர் தோற்றார்.
மற்ற ஐவரின் பெயரைப் படித்தேன், கைகுலுக்கினேன்.
அறிக்கைப் படிவத்தில்
செல்லாதவை என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டேன்.
அந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் கொள்ளும்.
உறைக்குள் எல்லாச் சீட்டையும் இட்டு
அரக்கு வைத்தேன்.

எல்லோரும் போன பிறகு
கைப்பேசி வெளிச்சத்தில் பின்பக்கம் போனேன்.
கீல் மட்டும் சுவரில் இருந்தது.
அதில் கம்பி கட்டி
உரச்சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள்;
அடியைக் கையால் மடித்துத் தைத்திருந்தது,
தையல் சீராக.

வியாழக்கிழமை என் பள்ளியில் தேர்தல்.
காரை எடுக்காமல் உட்கார்ந்து
என் பள்ளிக் கழிப்பறைக் கதவுகளை
மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன்.
மூன்றாவதற்குப் பிறகு
எனக்குத் தெரியவில்லை.