ஒரே பக்கம்

அருமனைத் தோட்டத்தில் காலை ஆறரை.
சிரட்டையில் சொட்டுவது சிஸ்.
நேற்று மார்த்தாண்டத்தில்
பல் டாக்டர் ஷெர்லின் சூடாக்கி
என் கடைவாயில் அடைத்த பிசின், டிரான்ஸ்.
ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன்,
இரண்டிலும் கணக்கு ஒன்றுதான்.

சிஸ் என்றால் இந்தப் பக்கம்.
மலைக்கு இப்புறம் என்று சொல்ல
லத்தீன்காரன் வைத்திருந்த சொல்.
இரட்டைப் பிணைப்பு திரும்பித் தராது;
சங்கிலியின் இரு கையும்
அதன் ஒரே பக்கம் நின்றுவிட்டால்
கோணும், அடுக்கினால் அடங்காது,
அதனால்தான் இழுத்தால் நீளும்.
எதிரெதிர் நின்றால்
நேராகும், நெருங்கும், இறுகிப்போகும்.

விடைத்தாளில் பெல்சிட்டா எழுதியிருக்கிறாள்:
"சிஸ்: நானும் அம்மாவும்.
டிரான்ஸ்: அப்பா,
களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டி பாறசாலையில்.
நடுவில் இருப்பது திரும்பாது, டீச்சர்."

படம் வரையவில்லை.
இரண்டு மதிப்பெண் கேள்வி.

சிவப்புப் பேனாவை மூடிவிட்டு
நாக்கால் பல்லைத் தடவிப் பார்க்கிறேன்.
வலி போய்விட்டது,
பல்லும் என்னுடையதாக இல்லை.
வெளியே மழை பிடிக்குமுன்
யாரோ ஓடி ஓடிப் பால் எடுக்கும் சத்தம்.

ஒன்றரை போட்டேன்.
குறைத்த அரை
படத்துக்கு மட்டும்.